நடுப்புள்ளி: கழிக்காமல் ஏன் கூட்டுகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் நடுப்புள்ளி வரும்போது என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாக்கள் கேட்ட கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சூத்திரம் இரண்டே வரிதான், மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்ட பிள்ளை மறுபடி அதைத் தப்பாக எழுதுவதில்லை. அதனால் அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நடுப்புள்ளி என்றால் என்ன? இரண்டு புள்ளிகளிலிருந்தும் சம தூரத்தில் இருந்தால் போதுமா?

போதாது. இரண்டு முனைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்க வேண்டும், அதோடு இரண்டையும் இணைக்கும் கோட்டுத்துண்டின் மேலேயே இருக்கவும் வேண்டும்.

இடைப்புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு புள்ளி வரிசையாக வைத்துவிட்டு, அடுத்த வரிசையில் ஆறு புள்ளியை முதல் வரிசையின் சந்துகளுக்கு நேராக வைக்கிறோம். அப்படி வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்து சம தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றின் நடுப்புள்ளி அது இல்லை, ஏனென்றால் அது கோட்டின் மேல் இல்லாமல் ஒரு வரிசை தள்ளி நிற்கிறது. அதிலிருந்து நேராகக் கீழே இறங்கி முதல் வரிசையைத் தொட்டால், தொடும் அந்த இடம்தான் நடுப்புள்ளி.

எண்களில் பார்த்தால், அ(0, 0), ஆ(6, 0) என்ற இரண்டு புள்ளிகளுக்கு (3, 4) என்ற புள்ளி இரண்டு பக்கமும் சரியாக 5 அலகு தூரம். (3, 100) என்பதும் சம தூரம்தான். இப்படிச் சம தூரப் புள்ளிகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரு நேர்கோடு, அதற்குப் பெயர் மையக்குத்துக்கோடு. அந்தக் கோடு அ, ஆ இரண்டையும் இணைக்கும் துண்டை வெட்டும் ஒரே இடமான (3, 0) மட்டும் நடுப்புள்ளி.

சூத்திரம் என்ன?

இரண்டு புள்ளிகளின் எக்ஸ் எண்களைக் கூட்டிப் பாதியாக்கு, ஒய் எண்களைக் கூட்டிப் பாதியாக்கு.

நடுப்புள்ளி = ( (எக்ஸ்1 + எக்ஸ்2) ÷ 2 , (ஒய்1 + ஒய்2) ÷ 2 )

அ(2, 3), ஆ(8, 7) என்றால் எக்ஸ் பக்கம் 2 + 8 = 10, பாதி 5. ஒய் பக்கம் 3 + 7 = 10, பாதி 5. நடுப்புள்ளி (5, 5).

இலங்கைப் பாடநூல்களில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் இங்கே ஆயத்தொலைவு என்று சொல்வதை அங்கே ஆள்கூறு என்பார்கள். கணக்கு ஒன்றுதான்.

தூரம் காணக் கழிக்கிறோம். நடு காண ஏன் கூட்டுகிறோம்?

“மிஸ், போன பாடத்துல கழிக்கச் சொன்னீங்க, இப்ப கூட்டச் சொல்றீங்க, எதை எங்க போடுறதுன்னே தெரியல” என்று ஒரு பிள்ளை கேட்டது. ரொம்ப நியாயமான கேள்வி. தேர்வில் இந்தப் பாடத்தில் போகும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தில்தான் போகிறது என்பது என் அனுபவம்.

நெடுஞ்சாலையில் நடப்பட்ட கிலோமீட்டர் கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 40 ஆம் கல்லில் நிற்கிறீர்கள், உங்கள் நண்பர் 100 ஆம் கல்லில் நிற்கிறார். இருவரும் சரிபாதியில் சந்திக்க வேண்டும். இடையே உள்ள தூரம் 100 − 40 = 60, அதில் பாதி 30. சரி, இப்போது நண்பருக்குப் போன் செய்து “30 ஆம் கல்லுக்கு வா” என்று சொல்வீர்களா? 30 ஆம் கல் உங்களுக்கும் பின்னால் அல்லவா இருக்கிறது! 30 என்பது நீங்கள் நடக்க வேண்டிய தூரம். சேர வேண்டிய இடம் 40 + 30, அதாவது 70 ஆம் கல்.

கழித்துப் பாதியாக்கினால் கிடைப்பது ஒரு நீளம். நாம் தேடுவது ஓர் இடம். அந்த நீளத்தைக் கிளம்பிய இடத்தோடு சேர்த்தால்தான் இடம் கிடைக்கும்.

இனி அதையே விரித்து எழுதிப் பார்ப்போம். 40 + (100 − 40) ÷ 2. கழித்தலைப் பிரித்தால் 40 + 50 − 20. இதில் 40 இலிருந்து 20 போக மிஞ்சுவது 20, அதாவது 40 இன் பாதி. ஆக 20 + 50, அதாவது 40 இன் பாதியும் 100 இன் பாதியும். இதைத்தான் (40 + 100) ÷ 2 என்று சுருக்கி எழுதுகிறோம். ‘கிளம்பிய இடம், அதோடு பாதித் தூரம்’ என்பதைச் சுருக்கினால் தானாகவே கூட்டலாக வந்து நிற்கிறது. கழித்தல் எங்கும் போய்விடவில்லை, உள்ளே கரைந்திருக்கிறது.

இரண்டு தேர்வில் நாம் வாங்கிய மதிப்பெண்களுக்குச் சராசரி காண்பதும் இதே வேலைதான். நடுப்புள்ளி என்பது இரண்டு இடங்களின் சராசரி. இப்படிச் சொன்னதும் பல பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது, ஏனென்றால் சராசரியை யாரும் கழித்துக் காண்பதில்லை.

எக்ஸையும் ஒய்யையும் தனித்தனியாகப் பாதியாக்கலாம் என்பது எப்படி நிச்சயம்? கோடு சாய்வாக அல்லவா போகிறது?

அ(2, 3) இலிருந்து ஆ(8, 7) க்குப் போக வலப்பக்கம் 6 கட்டம், மேலே 4 கட்டம். சாய்வான கோட்டில் பாதி வழி நடந்தவர் வலப்பக்கம் எவ்வளவு நகர்ந்திருப்பார்? 6 இல் பாதி 3. எவ்வளவு ஏறியிருப்பார்? 4 இல் பாதி 2. ஒரே சீராக ஏறும் மாடிப்படியில் பாதிப் படி ஏறினால் பாதி உயரமும் பாதி நீளமும் கடந்திருப்போம் அல்லவா, அதே மாதிரி. 2 + 3 = 5, 3 + 2 = 5.

இதை நிரூபிக்கச் சொன்னால், கட்டத்தாளில் அ, ஆ இரண்டையும் குறித்து, அ இலிருந்து கிடையாகவும் ஆ இலிருந்து செங்குத்தாகவும் கோடு போட்டு ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். நடுப்புள்ளியிலிருந்து கீழே ஒரு செங்குத்துக் கோடு இறக்கினால் உள்ளே ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். பெரியதும் சின்னதும் வடிவொத்த முக்கோணங்கள், கர்ணங்களின் விகிதம் 2 : 1. அப்படியானால் மற்றப் பக்கங்களின் விகிதமும் 2 : 1 தான்.

குறை எண் வந்தால் என்ன செய்வது?

புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், குறியோடு சேர்த்துக் கூட்டுங்கள். (−7, 4), (3, −10) என்றால் −7 + 3 = −4, பாதி −2. 4 + (−10) = −6, பாதி −3. விடை (−2, −3).

தப்பு எங்கே நடக்கிறது என்றால், சூத்திரத்தில் இருக்கும் கூட்டல் குறியும் எண்ணோடு வரும் கழித்தல் குறியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். குறை எண்ணை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதச் சொல்லுங்கள். −3, −9 இரண்டுக்கும் நடு −6. சிலர் 3 என்று எழுதுவார்கள், அது பாதித் தூரம். எண்கோட்டில் ஒரு பார்வை பார்த்தாலே −3, −9 இரண்டுக்கும் இடையில் 3 இருக்க வழியில்லை என்று தெரிந்துவிடும்.

எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது?

எதை வேண்டுமானாலும். 2 + 8 ம் 8 + 2 ம் ஒன்றுதான்.

வேறு என்ன தப்புகள் அடிக்கடி வருகின்றன?

ஒரே புள்ளியின் இரண்டு எண்களையும் கூட்டிவிடுவது. (2, 3), (8, 7) என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும்போது கண் தானாக 2 ஐயும் 3 ஐயும் சேர்த்துவிடுகிறது. புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் எக்ஸுக்குக் கீழே எக்ஸ், ஒய்க்குக் கீழே ஒய் வந்துவிடும், அப்புறம் ஒன்றாம் வகுப்புக் கூட்டல் மாதிரி மேலிருந்து கீழே கூட்டினால் போதும். சின்னப் பழக்கம்தான், ஆனால் பெரிய உதவி.

விடை பின்னமாக வருகிறது. தப்பாகிவிட்டதா?

இல்லை. (1, 2), (4, 7) இரண்டுக்கும் நடுப்புள்ளி (2.5, 4.5). கட்டத்தாளில் அது ஒரு கட்டத்தின் சரியான நடுவில் விழும். முழு எண்ணாக வரவில்லையே என்று பதறி, சரியாகப் போட்ட கணக்கை அடித்துவிட்டு மறுபடி போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும்.

எப்போது முழு எண் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இரண்டு எக்ஸ் எண்களும் இரட்டைப்படை, அல்லது இரண்டும் ஒற்றைப்படை என்றால் கூட்டுத்தொகை இரட்டைப்படை, பாதி முழு எண். ஒன்று இரட்டை, ஒன்று ஒற்றை என்றால் அரை வரும். ஒய்க்கும் இதே விதி.

இதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த ஒரு புதிர் பிறக்கிறது. கட்டத்தாளில் கோடுகள் வெட்டும் இடங்களில், உங்கள் விருப்பம்போல ஐந்து புள்ளிகள் வையுங்கள். எப்படி வைத்தாலும் அவற்றில் ஏதோ இரண்டு புள்ளிகளின் நடுப்புள்ளியும் கோடுகள் வெட்டும் இடத்திலேயே விழும். தப்பிக்கவே முடியாது! ஏன் என்று பாருங்கள்: ஒரு புள்ளியின் இரண்டு எண்களும் இரட்டை–இரட்டை, இரட்டை–ஒற்றை, ஒற்றை–இரட்டை, ஒற்றை–ஒற்றை என்று நான்கு வகைதான். புள்ளிகள் ஐந்து, வகைகள் நான்கு. குறைந்தது இரண்டு புள்ளிகள் ஒரே வகையில் வந்தே தீரும், அந்த இரண்டின் நடுப்புள்ளி முழு எண்களாக இருக்கும். நான்கு புள்ளி மட்டும் என்றால் தப்பிக்கலாம்: (0, 0), (0, 1), (1, 0), (1, 1). வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐந்தாவது புள்ளியை வைத்து முயன்று பாருங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.

நடுப்புள்ளியும் ஒரு முனையும் கொடுத்து, மறுமுனையைக் கேட்டால்?

நடுவை இரட்டிப்பாக்கி, தெரிந்த முனையைக் கழியுங்கள். வட்டத்தின் மையமும் விட்டத்தின் ஒரு முனையும் கொடுத்து மறுமுனையைக் கேட்பது இந்த வகைதான், ஏனென்றால் மையம் விட்டத்தின் நடுப்புள்ளி.

மையம் (2, −1), ஒரு முனை (6, 2) என்றால், 2 × 2 − 6 = −2. 2 × (−1) − 2 = −4. மறுமுனை (−2, −4). சூத்திரம் மறந்துபோனாலும் பரவாயில்லை: முனையிலிருந்து மையத்துக்கு வர 4 கட்டம் இடப்பக்கம், 3 கட்டம் கீழே வந்தோம், மையத்திலிருந்து அதே அளவு இன்னொரு முறை போனால் மறுமுனை.

விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

மேலே சொன்ன நடையை வைத்தே பார்க்கலாம். முதல் புள்ளியிலிருந்து நடுவுக்கு எத்தனை கட்டம், நடுவிலிருந்து இரண்டாம் புள்ளிக்கு எத்தனை கட்டம் என்று குறியோடு எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. தூரச் சூத்திரம் போட்டு இரண்டு தூரமும் சமமா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதில் வேலையும் அதிகம், சம தூரத்தில் இருந்தும் கோட்டின் மேல் இல்லாத புள்ளியை அது பிடிக்கவும் பிடிக்காது.

தேர்வில் வேறு எந்தக் கணக்குகளுக்கு இது உதவும்?

முக்கோணத்தின் நடுக்கோடு வரைய எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளி வேண்டும். மையக்குத்துக்கோட்டின் சமன்பாட்டுக்கும் அது வேண்டும். ஆனால் இணைகரத்தில்தான் இதன் முழு அழகும் தெரியும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும், அதாவது இரண்டுக்கும் ஒரே நடுப்புள்ளி. அதனால் எதிரெதிர் முனைகளின் கூட்டுத்தொகைகள் சமம்.

மூன்று முனைகள் வரிசையாக (1, 2), (5, 3), (7, 8) என்று கொடுத்து நான்காவதைக் கேட்டால், முதலும் மூன்றும் எதிரெதிர், கூட்டினால் (8, 10). அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் (3, 7). முடிந்தது. தூரச் சூத்திரமோ வர்க்கமூலமோ எதுவும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோணல்மாணலாக ஏதாவது ஒரு நாற்கரம் வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் எப்போதும் இணைகரம் வரும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வாரிஞோன் கண்ட தேற்றம் இது, அவர் இறந்த பிறகு 1731 இல் அச்சானது. (0, 0), (8, 2), (6, 10), (−2, 4) என்ற நாற்கரத்தில் போட்டுப் பாருங்கள். பக்க நடுப்புள்ளிகள் (4, 1), (7, 6), (2, 7), (−1, 2). இவற்றில் எதிரெதிரானவற்றின் நடுவை எடுத்தால் இரண்டு முறையும் (3, 4) தான் வருகிறது. காரணம் எளிது: எந்த வழியில் போனாலும் கடைசியில் நான்கு முனைகளையும் கூட்டி நான்கால் வகுத்திருப்போம்.

மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளி வேண்டும் என்றால்?

பாதியில் பாதி எடுத்தால் கால்தான் கிடைக்கும், எத்தனை முறை பாதியாக்கினாலும் மூன்றில் ஒன்று கிடைக்காது. அருகிலுள்ள முனைக்கு இரட்டை மதிப்புக் கொடுத்து மூன்றால் வகுக்க வேண்டும். (1, 1), (10, 7) இரண்டுக்கும் இடையே முதல் புள்ளி: (2 × 1 + 10) ÷ 3 = 4, (2 × 1 + 7) ÷ 3 = 3, அதாவது (4, 3). அடுத்தது (7, 5). இதுதான் பிரிவுச் சூத்திரம், நடுப்புள்ளி அதில் 1 : 1 என்ற ஒரு நிலை மட்டும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

எண்ணே இல்லாமல் நடுவைக் காண்பது மிகப் பழைய வித்தை. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தின் 10 ஆம் கூற்றில், கோட்டுத்துண்டின் மேல் ஒரு சமபக்க முக்கோணம் எழுப்பி, உச்சிக் கோணத்தை இரண்டாகப் பிரித்து நடுவைக் காட்டுகிறார். இடத்தை எண்களால் எழுதும் வழி 1637 இல் ரெனே தெக்கார்த் வெளியிட்ட வடிவியல் நூலோடு பரவியது, அதே காலத்தில் பியர் தெ ஃபெர்மாவும் தனியே இதே எண்ணத்துக்கு வந்திருந்தார். இன்று நாம் போடும் நான்கு காற்பகுதிப் படம் தெக்கார்த்தின் நூலில் இல்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள இடத்தை இப்படிக் காணலாமா?

பக்கத்து ஊர்களுக்குக் காணலாம். சென்னை சுமார் 13.08 பாகை வடக்கு, 80.27 பாகை கிழக்கு. மதுரை 9.93 வடக்கு, 78.12 கிழக்கு. கூட்டிப் பாதியாக்கினால் 11.5 வடக்கு, 79.2 கிழக்கு. அது விருத்தாசலத்துக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் விழுகிறது. இது பறவை பறக்கும் வழியின் நடு. பேருந்துச் சாலை வளைந்து போவதால் பயணத்தின் பாதி வேறு இடத்தில் வரும்.

தூரம் கூடினால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். டில்லி 28.6 வடக்கு, 77.2 கிழக்கு. நியூயார்க் 40.7 வடக்கு, 74.0 மேற்கு, அதாவது −74.0. சராசரி எடுத்தால் 34.65 வடக்கு, 1.6 கிழக்கு, ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா. ஆனால் உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியின் நடு நார்வேயின் வடகோடியில், துரோம்சோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நீங்களே பார்க்கலாம். நம் சூத்திரம் தட்டையான தளத்துக்கானது, பூமி தட்டை இல்லை.

179 கிழக்கு, 179 மேற்கு என்ற தீர்க்கரேகைகள் இன்னும் நல்ல உதாரணம். இரண்டும் பசிபிக் கடலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சராசரியோ 0, பூமிக்கு மறுபுறம் இருக்கும் கிரீன்விச் ரேகை!

கணினியிலும் இதே சூத்திரம்தானா?

ஆமாம். திரையில் ஒய் அச்சு மேலிருந்து கீழே போகும், ஆனாலும் சராசரி சராசரிதான், எதையும் மாற்ற வேண்டாம்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும், அங்கேதான் கிலோமீட்டர் கல் கதை மறுபடி வருகிறது. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட, நிரல்கள் நடுவிலிருந்து தேடத் தொடங்கும். அந்த நடுவைக் காண (தொடக்கம் + முடிவு) ÷ 2 என்றுதான் பல காலம் எழுதிவந்தார்கள். ஜாவா என்ற நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில் (நூலகம் என்பார்கள்) இருந்த அந்த வரியில் பிழை இருக்கிறது என்று 2006 இல் நிரலாளர் ஜோஷுவா பிளாக் எழுதினார். அந்த நிரலின் முழு எண் 2,147,483,647 வரைதான் தாங்கும், அதாவது சுமார் 214 கோடி. தொடக்கமும் முடிவும் தலா 150 கோடியை ஒட்டி இருந்தால் தனித்தனியே இரண்டும் அடங்கும், கூட்டினால் 300 கோடி, அடங்காது. விடை குறை எண்ணாகத் திரிந்துபோகும். அதைச் சரிசெய்யும் ஒரு வழி, தொடக்கம் + (முடிவு − தொடக்கம்) ÷ 2 என்று எழுதுவது: கிளம்பிய இடம், அதோடு பாதித் தூரம். தாளில் இரண்டும் ஒன்றுதான். கணினியில் முதலாவது உடைந்த இடத்தில் இரண்டாவது நின்றது.